முதற்பால் பொங்கியது யாருடைய வீட்டில்

ஒக்டோபர் 4, சனி

தபால் பெட்டிக்குள் தியாகலிங்கம் சிரித்துக்கொண்டு கிடந்தான். நகரசபைத் தேர்தலில் எங்கள் வட்டாரத்துக்கு நிற்கிறானாம். துண்டுப்பிரசுரத்தில் மூன்று மொழி. தமிழை மூன்று தரம் வாசித்தேன். ‘பியர்பொன்ட்ஸில் குடியேறிய முதல் தமிழன். சோளக்காடும் பனியும் மட்டுமே இருந்த நாளில், என் புதுவீட்டில் பால் காய்ச்சியபோது தீயணைப்புப் படையே வந்தது.’

எந்த வீடு? யார் காய்ச்சிய பால்?

ஒக்டோபர் 5

காலையிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் நடந்ததை மறக்கிறவள் இல்லை. எழுதிவைக்கிறேன்.

1986 மே 11, ஞாயிறு. நானும் என் மனுசனும் இந்த வீட்டுக்குக் குடிபுகுந்த நாள். கரண்ட் அடுப்பில் காய்ச்சினால் சரிவராது, விறகில்தான் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான். குசினி நடுவில் மூன்று செங்கல், மேலே பால் பானை, கீழே உடைத்த பழப்பெட்டிப் பலகை. புகை அலாரம் கத்தியது. அவர் தும்புத்தடியால் அதற்கு அடித்தார். இன்னும் கத்தியது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி போன் பண்ணிவிட்டாள். கோடரியும் கையுமாக மூன்று பேர் உள்ளே வந்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. மூன்று பேருக்கும் குடிக்கக் கொடுத்தேன். ஒருத்தன் இரண்டாம் தரமும் வாங்கிக் குடித்தான்.

தியாகலிங்கம் கனடாவுக்கு வந்ததே அடுத்த வருஷம். எங்கள் பேஸ்மெண்டில் எட்டு மாதம் இருந்தான். என் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு கேட்ட கதை அது. போகும்போது பனி அள்ளுகிற சவளையும் கொண்டு போனவன்.

ஒக்டோபர் 11

பேத்தி ஆர்த்திகா சொல்கிறாள், “விடுங்கோ அம்மம்மா. எலெக்சன் எண்டால் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவினம்.”

கூட்டட்டும். என்னை ஏன் கழித்தான்?

ஒக்டோபர் 18

வந்தான். கோட்டு, கழுத்துப்பட்டி. வந்தவனுக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் விடுவது எங்கள் வழக்கம் இல்லை. ஆனால் வாசலில் நிற்கவைத்தே கொடுத்தேன்.

“அக்கா, உங்கடை வோட்டு எனக்குத்தானே?”

“பால் எந்தப் பக்கம் பொங்கினது?”

“எந்தப் பால்?”

“நீ காய்ச்சின பால்.”

யோசித்தான். “வடக்காலை.”

“கிழக்காலையடா. நிண்டிருந்தால் தெரியும்.”

“அக்கா, அது சின்ன நோட்டீஸ். இடம் காணாது.”

“என்ரை பேருக்கு எத்தினை முழம் வேணும்?”

“வெண்டாப் பிறகு திருத்திறன், அக்கா.”

கதவைச் சாத்தினேன். பிறகுதான் பார்த்தேன், கோப்பையோடு போய்விட்டான். சவள், கதை, இப்போது கோப்பை.

ஒக்டோபர் 19

கோயிலில் பதினேழு பேருக்குச் சொன்னேன், அவனுக்குப் போடவேண்டாம் என்று.

ஒக்டோபர் 25

ஆர்த்திகா ஒரு விஷயம் சொன்னாள். சபை மாதத்துக்கு ஒருக்கால் கூடுமாம். இங்கே குடியிருக்கிற யாரும் பெயர் கொடுத்துக் கேள்வி கேட்கலாமாம். உறுப்பினர் எழும்பிப் பதில் சொல்ல வேண்டும். எழுதி வைப்பார்களாம்.

“தோத்தவரிட்டைக் கேக்கேலாதோ?”

“தோத்தவரிட்டை என்னத்தைக் கேக்கிறது, அம்மம்மா? அவர் வீட்டிலை இருப்பார்.”

வீட்டில் காலுக்குமேல் கால் போட்டுக்கொண்டு, என் கோப்பையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு. தோற்றால் தப்பிவிடுவான் — இதை எப்படி யோசிக்காமல் விட்டேன்?

பதினேழு பேருக்கும் போன் எடுத்து மாற்றிச் சொன்னேன். றெஜினாவுக்கு மட்டும் விளங்கப்படுத்த முக்கால் மணித்தியாலம்.

நவம்பர் 2, ஞாயிறு

போட்டேன். அவனுக்குத்தான். வந்து மனுசனின் படத்துக்கு முன்னால் நின்று காரணத்தையும் சொன்னேன்.

நவம்பர் 3

பதினொரு வாக்கால் வென்றிருக்கிறான். போன் எடுத்தான்.

“அக்கா, நீங்கள் இல்லாட்டி நான் இல்லை.”

“அதைத்தானே நானும் சொல்லிக்கொண்டிருக்கிறன்.”

டிசம்பர் 1, திங்கள்

காஞ்சிபுரம் கட்டி, மேலே குளிர்க்கோட்டுப் போட்டுக்கொண்டு சபைக்குப் போனேன். எனக்கு முன்னால் நாலு பேர், எல்லாம் குப்பைவாளிப் பிரச்சினை. என் முறை வந்தது. ஆர்த்திகா பிரெஞ்சில் சொல்ல, நான் தமிழில் அவன் முகத்தைப் பார்த்தே கேட்டேன்.

“இந்த இடத்திலை தமிழ்ச் சனத்தின்ரை முதற்பால் பொங்கினது ஆற்றை வீட்டிலை?”

தலைவி அம்மா கண்ணாடியைக் கழற்றித் திரும்பப் போட்டாள். தியாகலிங்கம் எழும்பினான். கழுத்துப்பட்டியை இழுத்துவிட்டான். பிரெஞ்சில் சொன்னான், பிறகு எனக்காகத் தமிழில்.

“ஜெகதீஸ்வரி அக்கா வீட்டிலை. கிழக்காலை. நான் அப்ப இஞ்சை இல்லை.”

எழுதுகிற பெட்டை என் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டாள். உருத்திரமூர்த்தி ஜெகதீஸ்வரி என்று முழுதாகப் போட வைத்தேன். என் மனுசனும் அல்லவா அந்தப் புகையில் இருமியவர்.

வாசலில் காத்துநின்று கோப்பையைத் தந்தான். கழுவித் துடைத்திருந்தது. வாங்கினேன்.

அடுத்த கூட்டத்துக்கும் பெயர் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். சவள் பாக்கி இருக்கிறது.