தோணிப் பச்சைக்குக் கீழே உங்கள் கார்

காக்கா,

என் பெருவிரல் நகத்துக்குள் பச்சைப் பெயின்ற் ஏறிப் போயிருக்கிறது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. தோணிக்கு அடிக்கிற பச்சை. கடற்கரையில் வீசுமே, அதே நாற்றம். பேனையைப் பிடிக்கும்போதெல்லாம் அது மூக்கில் ஏறுகிறது, கோபமும் கூடவே ஏறுகிறது. நீங்கள் மௌத்தாகி மண்ணுக்குள் போய் ஒரு நோன்பும் கழிந்துவிட்டது. இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாததால், கூடப்பிறந்த மூத்தவரான உங்களுக்கே எழுதுகிறேன்.

உங்கள் காரை நாசமாக்கிவிட்டார்கள்.

இங்கினியாகல அணைக்கட்டு வேலைக்கு வந்த அமெரிக்கர் ஊர் திரும்பும்போது விற்றுப் போன பழைய கார். மாட்டு வண்டியில் கட்டி இழுத்து வந்தீர்கள். எல்லோரும் எஞ்சினைப் பார்க்க, நீங்கள் கதவோரத்தில் காசளவு இடத்தைத் தேய்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டீர்கள். "இஞ்ச பாருகா புள்ள." மேலே சாம்பல், அதற்குக் கீழே நீலம், அடியில் மாதுளந்தோலின் கருஞ்சிவப்பு. சில்லுக்கு மேல் சேறு தெறிக்காமல் மூடுகிற மட்காட்டைத் தேய்த்தால் அடிவரை கறுப்பு. காரோடு வந்த ஆங்கிலக் கைநூலை நான் வாசித்துப் பொருள் சொன்னேன். காரின் உடலுக்கு லாக்கர் என்கிற சீக்கிரம் காயும் பெயின்ற், மட்காட்டுக்குச் சூளையில் சுட்ட எனாமல். அதனால் உடல் பட்டுத்துணி போல அடங்கி மினுங்கும், மட்காட் கிணற்றுத் தண்ணீர் போலப் பளபளக்கும். ஒரே காரில் இரண்டு மினுக்கம். "தொழிற்சாலையால வெளிய வந்த மாதிரியே வரணும். கூடவும் வேணா, குறையவும் வேணா" என்றீர்கள்.

கடல் ஈரத்தில் லாக்கர் வெள்ளையாகப் பூத்துவிடும் என்று தரைப்பக்கத்திலிருந்து வறட்சியாக வீசுகிற கச்சான் காற்றுக்காகக் காத்திருந்தீர்கள். கச்சான் வந்தது, புழுதியும் வந்தது. உம்மாவின் கட்டில் விரிப்புகளைச் சுற்றிக் கட்டி, மணலுக்குத் தண்ணீர் தெளித்து, நுளம்பு மருந்து அடிக்கிற பம்பால் உடலுக்குக் கருஞ்சிவப்பை அடித்தீர்கள். "காருக்குச் சுன்னத்துக் கலியாணமாடா?" என்று அயல் வீட்டார் வேலிக்கு மேலால் கேட்டுச் சிரித்தார்கள்.

முடிந்ததும் வாப்பா சுற்றிவந்து பார்த்தார். "மட்காட் மினுங்குது, மத்ததெல்லாம் மங்கிக் கிடக்கு. பெயின்ற் முடிஞ்சிட்டா மனே?"

நீங்கள் சிரித்தீர்கள். ஏன் காக்கா சிரித்தீர்கள்? ஒரு வார்த்தை விளக்கம் சொல்லியிருந்தால் என்ன? மெழுகுத் துணியை என் கையில் தந்து "தேய் புள்ள" என்றீர்கள், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்கு முன் நாம் இருவரும் உடலுக்கு மட்டும் மெழுகு போட்டோம். பிறகு உங்களைக் கொண்டுபோன அந்தக் காய்ச்சல் வந்தது.

போன மாதம் உங்கள் தம்பிக்கு, என் சின்னக் காக்காவுக்குக் கலியாணம். நம் ஊரில் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்குக் குடிபோகிறவர். அவர் போகிற போக்கை ஊரே தெருவில் நின்று பார்க்கும். "அரைகுறையா அடிச்ச காருலயா என்ட மகன் போற?" என்று வாப்பா, தோணிகளுக்குப் பெயின்ற் அடிக்கிற மாமாவைக் கூட்டி வந்தார்.

நான் குறுக்கே நின்றேன். "வாப்பா, அது அரைகுறை இல்ல. செஞ்ச இடத்திலேயே அப்படித்தான்."

"எங்க செஞ்ச?"

"அமெரிக்காவில."

"அப்ப அங்கயும் பெயின்ற் முடிஞ்சிரிக்கும்" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள்.

"மாமா, அதில மெழுகு இரிக்கி. கழுவாம அடிச்சா ஒட்டாது."

"கடல்ல கிடக்கிற தோணிக்கே ஒட்டுது. காருக்கு ஒட்டாதா? நீ போய்ப் புத்தகத்தப் படிகா."

உடல், மட்காட், சில்லு எல்லாவற்றுக்கும் ஒரே பச்சை. நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கலியாணத்தன்று பெண் வீட்டு யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயிலில் வந்து நின்ற காரிலிருந்து சின்னக் காக்கா கதவில் கையூன்றி இறங்கினார். உள்ளங்கை முழுக்கப் பச்சை. கை வைத்த இடத்தில் பெயின்ற் தோலாக உரிந்து, உள்ளே உங்கள் கருஞ்சிவப்பு. "மாப்பிள்ளைக்கு மருதோண்டி பச்சையாப் பிடிச்சிரிக்கி!" என்று பெண்ணின் மச்சிமார் கத்தினார்கள். நான் சொன்னதுதான் நடந்தது. சந்தோஷம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. சின்னக் காக்காவின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

இப்போது பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நகத்தால் உரிக்கிறேன். மெழுகு போட்ட உடலில் பச்சை வாழைத்தோல் மாதிரிக் கழன்று வருகிறது. மட்காட்டில் அசையவே இல்லை. அங்கே நாம் மெழுகு போடவில்லையே.

நேற்று வாப்பா வந்து நின்றார். "படிக்கிற புள்ள செய்யிற வேலையா இது?"

"ஓம் வாப்பா. இதுவும் படிச்சதுதான். ரெண்டு மினுக்கம் ஏனெண்டு சொல்றன், இரிங்க."

காரின் கால்படியில் உட்கார்ந்தார். நீங்கள் சொல்லாமல் போனதை முதலிலிருந்து சொன்னேன், சத்தமாகத்தான். கேட்டாரா, களைப்பில் இருந்தாரா தெரியாது. எழுந்து போகவில்லை.

விளக்கம் சொல்லாமல் சிரித்துவிட்டுப் போகிற உங்கள் சிரிப்பு எனக்கு வேண்டாம் காக்கா. மெழுகுத் துணியை வைத்திருக்கிறேன். மட்காட்டின் பச்சைக்கு நகம் போதாது. அதை எதைப் போட்டு எடுப்பது, அடியிலுள்ள கறுப்பை எப்படிக் காப்பது என்று நீங்கள் எனக்குச் சொல்லித் தரவில்லை. அந்தக் கோபமும் என்னிடம்தான் இருக்கிறது.