சீட் இல்லாத சைக்கிள்கள்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை, முந்தாநாள் நீ அனுப்பிய போட்டோவில் கன்னம் உப்பிச் சுகமாகத்தான் இருக்கிறாய். அந்தப் போட்டோவைப் பற்றிப் பேசத்தான் பேனாவை எடுத்தேன். போனில் என்றால் நான் கத்திவிடுவேன், நீயும் சிக்னல் இல்லை என்று தப்பித்துக்கொள்வாய்.

அப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. டாக்டர் நடக்கச் சொன்னால் கட்டிலிலிருந்து டிவி வரைக்கும் போய்விட்டு நடந்தாயிற்று என்கிறார். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, பிளம்பர் போனை எடுப்பதே இல்லை. இதெல்லாம் கூடப் பரவாயில்லை, என் உயிரை வாங்குவது நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழக சைக்கிள் ஸ்டாண்டுதான். காலையில் போய் டயருக்கெல்லாம் காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு வரிசையாக நிறுத்தி வைக்கிறேன். யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம், போன இடத்தில் விட்டுவிட்டால் அடுத்தவர் எடுத்துக்கொள்வார், பொதுச் சைக்கிள் என்பது அதற்குத்தானே. ஆனால் இந்தப் பிள்ளைகள் வகுப்புக்குள் போகும்போது சீட்டை அப்படியே உருவிப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். திரும்பி வரும்வரை வேறு யாரும் ஏற முடியாதாம், என்ன மூளை பார். ஒருத்தன் ஆரம்பித்தான், இப்போது எல்லோரும். மத்தியானம் பார்த்தால் வளாகம் முழுக்க மொட்டைச் சைக்கிள்கள்தான். கேட்டால், நாங்க விட்டா வேற யாராவது எடுத்துடுவாங்க ஆன்ட்டி என்று பல்லைக் காட்டுகிறார்கள். ஆபீசில் சொன்னேன், அறிவிப்புப் பலகை வைத்தார்கள். அதன்மேல் எவனோ ஈரத் துண்டைக் காயப் போட்டிருக்கிறான்.

போன வாரம் நடந்ததைக் கேள். முதல் வருடத்துப் பெண் ஒருத்தி, சுருட்டை முடி, தினமும் காலையில் என்னோடு இரண்டு வார்த்தை பேசாமல் போகமாட்டாள். அன்று அவளுக்குப் பரீட்சை, ஹால் வளாகத்தின் அந்தக் கோடியில். ஸ்டாண்டில் நின்றதில் ஒன்றுக்கும் சீட் இல்லை. இரும்மா, தேடிப் பார்க்கிறேன் என்றேன். நேரமாச்சு ஆன்ட்டி, நின்னுக்கிட்டே ஓட்டிடுவேன் என்று கிளம்பிவிட்டாள். நூலகச் சரிவில் இறங்கும்போது, பாவம், பழக்கதோஷத்தில் உட்காரப் போயிருக்கிறாள். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வழியெல்லாம் வலிக்கிறது என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பரீட்சை ஆரம்பிச்சிருப்பாங்களா என்றுதான் கேட்டுக்கொண்டே வந்தாள். எந்த வீட்டுப் பிள்ளை செஞ்ச வேலையோ, பெத்தவங்க என்னத்தச் சொல்லி வளர்த்தாங்களோ என்று அவள் முன்னாலேயே வாய்விட்டுத் திட்டினேன்.

அதற்குப் பிறகுதான் உன் போட்டோ வந்தது. உன் முன்னால் மேஜைமேல் புத்தகம், தண்ணீர் பாட்டில், பக்கத்திலேயே உன் பல்கலைக்கழக முத்திரை போட்ட பொதுச் சைக்கிள் சீட். இனிமே நான் கிளாஸுக்கு லேட்டே இல்ல என்று கீழே பெருமையாக வேறு எழுதியிருக்கிறாய். அப்பாவிடம் காட்டினால், எல்லாரும் செய்றதத்தான செஞ்சிருக்கான், விடு என்கிறார். எப்படி விடுவது? நான் திட்டிய அந்த வீடு நம் வீடாகிவிட்டதே.

நேற்று அந்தப் பெண் கையில் கட்டோடு நடந்தே ஸ்டாண்டுக்கு வந்தாள். பரீட்சையை அடுத்த வருடம்தான் எழுத வேண்டுமாம். அப்படியிருந்தும் சிரித்துக்கொண்டே, உங்க பையன் புது போட்டோ அனுப்பினானா ஆன்ட்டி, காட்டுங்க என்றாள். உன் போட்டோ வந்தால் தெருவில் போகிறவரைக் கூப்பிட்டுக் காட்டுகிறவள் நான். போனில் சார்ஜ் இல்லை என்று பொய் சொன்னேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, இரவில் கண் விழிக்காதே. நீ நன்றாக இருக்க வேண்டும், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இதைப் படித்த கையோடு அந்தச் சீட்டைக் கொண்டுபோய் எடுத்த சைக்கிளிலேயே மாட்டு. மாட்டிவிட்டு, சீட் இல்லாத மேஜையோடு உன்னையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. அவளிடம் காட்ட வேண்டும்.

கோபம் ஆறாத,
உன் அம்மா