ஒரு தெரிஞ்சவங்க இடத்துல நடந்தது

என் கண்ணே லமீஸ்,

நீயும் உன் உடம்பும் உன் வேலையும் நல்லா இருக்கணும்னு அல்லாஹ்கிட்ட கேட்டுக்கிட்டே எழுத உக்காந்தேன். இங்கே நாங்களும் சுகம்னு அடுத்த வரி எழுதணும், எங்க அம்மா காலத்துலேர்ந்து அப்படித்தான் எழுதறோம், ஆனா இன்னிக்கு அந்த வரிக்கு என் கை வர மாட்டேங்குது. உன் அப்பா சுகம். பிரஷர் மாத்திரையை சோபா இடுக்குல போட்டுட்டு முழுங்கிட்டேன்னு சாதிக்கிற அளவுக்குச் சுகம். நான் சுகமில்லை, உன் விதாத் சித்தி சுகமில்லை. போன்ல சொல்லக் கூடாதான்னு கேப்பே. போன்ல நான் ஆரம்பிச்ச உடனே அம்மா இதெல்லாம் கம்பெனி வழியா வரணும், உங்க டைரக்டர் கையெழுத்து வேணும்னு நீ சொல்லுவே, நான் அழுவேன், நீயும் அழுவே, லைன் கட்டாகும். போன வாரம் அப்படித்தானே ஆச்சு. கடிதத்துல நீ குறுக்கே பேச முடியாது. அதனால முழுசா படி, நடுவுல காபி போட எழுந்து போகாதே. இந்தப் பையைக் கொண்டு வந்து கொடுத்த ஸோஸி யாருன்னு பின்னால சொல்றேன். ஸஅதர் மசாலாப் பொடிப் பொட்டலத்துக்குள்ள ஒரு டிஸ்க் இருக்கு, அதையும் சொல்றேன். அதுவரைக்கும் அதை எந்தக் கம்ப்யூட்டர்லயும் சொருகிடாதே.

அன்னிக்குப் போன்ல பாதிதான் சொன்னேன். ஒரு காலையில ஆஸ்பத்திரிக்குள்ள நுழையறேன், ரிசப்ஷன்லேர்ந்து லேப் வரைக்கும் எல்லாத் திரையிலயும் ஒரே கறுப்புப் பக்கம், உங்க கோப்பு எல்லாத்தையும் பூட்டிட்டோம், சாவி வேணும்னா பணம் கட்டுங்கன்னு. இத்தனை வருஷம் அந்தக் கம்ப்யூட்டர்களை என் பிள்ளைங்க மாதிரி பார்த்துக்கிட்டவ நான், நேரா நகல் இருக்கிற அறைக்கு ஓடினேன். நகல் எடுத்து வைக்கிற டிஸ்க்கை வேலை முடிஞ்சதும் கழட்டி அலமாரியில வைக்கணும்னு நான் தொண்டை கிழியச் சொல்லியும், யாரு தினம் கழட்டி மாட்டறதுன்னு சொருகியே வெச்சிருந்தாங்க, அதுவும் சேர்ந்து பூட்டிக்கிச்சு. சம்பளக் கணக்கு போனா போகட்டும், மருந்து ஸ்டாக் போனா எண்ணி எழுதிக்கலாம். ரேடியேஷன் கொடுக்கிற பிரிவோட கோப்பும் போச்சு லமீஸ். ஒவ்வொருத்தர் உடம்புலயும் கதிர் எந்தக் கோணத்துல எவ்வளவு ஆழம் போகணும்னு டாக்டர்கள் உக்காந்து போட்ட திட்டம் மொத்தமும் அதுலதான். அது இல்லாம மெஷினைப் போட்டா சிகிச்சை இல்லை, கொலை. புதுசா திட்டம் போடலாமேன்னா, அதைப் போடற ஆள் போன மாசம் துபாய்க்குப் போயாச்சு. பெய்ரூட்டுல கேட்டா வரிசையில நில்லுங்கன்னு சொல்றாங்க. உன் சித்தி பாதி வழியில நிக்கிறா. இந்த சிகிச்சையை நடுவுல நிறுத்தினா கட்டி மறுபடி தலைதூக்கும்னு டாக்டர் சொன்னதை நீயும் கேட்டேதானே.

எங்க டைரக்டர் என்ன பண்ணினார் தெரியுமா, எல்லாரையும் கூப்பிட்டு வெச்சு வெளியே ஒரு வார்த்தை போகக் கூடாது, பேர் கெட்டா ஆஸ்பத்திரியை மூட வேண்டியதுதான்னு சொல்லி, நோயாளிங்க கேட்டா மெஷின் சர்வீஸ்ல இருக்குன்னு சொல்லச் சொன்னார். விதாத் அன்னிக்குக் காலையில வந்து கவுன் மாத்திக்கிட்டு மேஜை மேல படுத்தும் ஆச்சு. அவளை எழுப்பி, சர்வீஸ் நடக்குது, கூப்பிடறோம் வாங்கன்னு அனுப்பிட்டாங்க. அவ என்ன நினைச்சா தெரியுமா. டாக்டர்கள் கை விட்டுட்டாங்க, முகத்துக்கு நேரே சொல்ல மனசில்லாம சர்வீஸ்னு சொல்றாங்கன்னு நினைச்சுட்டா. நான் வாயை மூடறதா சத்தியம் பண்ணியிருந்தேன், எவ சத்தியம் எவளுக்கு வேணும், நேரா போய் உண்மையைச் சொன்னேன். அவ சிரிச்சா. நஜ்லா, நீ சின்ன வயசுலேர்ந்தே பொய் சொல்லத் தெரியாதவ, கம்ப்யூட்டரைப் பூட்டிட்டாங்களாம், திருடன் வந்தானாம், இதைவிட நல்ல கதையா யோசிச்சுட்டு வான்னு சொன்னா. மார்புல கதிருக்குக் குறியா மார்க்கர் பேனாவால போட்ட கோடு அழிஞ்சிடக் கூடாதுன்னு அந்தப் பக்கம் தண்ணி படாம துடைச்சுக்கிட்டு இருந்தாளே, அந்த மெஷினுக்கு மாப்பிள்ளைன்னு பேர் வெச்சு, மாப்பிள்ளையைப் பார்க்கப் போறேன்னு லிப்ஸ்டிக் போட்டுக்கிட்டு வருவாளே, இப்போ நல்லா சோப்புப் போட்டுக் குளிக்கிறா. கோடு மங்கிப் போச்சு. கூண்டுப் பறவையை எதிர்வீட்டுக்காரிக்குக் கொடுத்துட்டா. உன் கல்யாணத்துக்குன்னு எடுத்து வெச்ச, ஓரத்துல பொன் கோடு போட்ட காபிக் கோப்பைகளையும் ஆளுக்கு ஒண்ணா கொடுத்துக்கிட்டு இருக்கா. கிடைச்ச வரைக்கும் சந்தோஷம்னு சொல்றா. அவ அழுதிருந்தா நான் தாங்கியிருப்பேன்.

இந்த நேரத்துல பெய்ரூட்டுல எங்க ஆளுங்களோட வருஷாந்திர மாநாடு வந்துச்சு, கம்ப்யூட்டர் பாதுகாப்பு வேலை பார்க்கிறவங்க மட்டும் கூடறது. எனக்கு முன்னாடியே பதிவு பண்ணி வெச்சிருந்தாங்க. போக மாட்டேன்னு சொன்னேன். டைரக்டர்தான், போங்க நஜ்லா, வராம இருந்தாத்தான் சந்தேகப்படுவாங்க, போய் சிரிச்ச முகமா நாலு பேரைப் பார்த்துட்டு வாங்க, வாயை மட்டும் திறக்காதீங்கன்னு அனுப்பி வெச்சார். நம்ம ஊர்த் தல் சதுக்கத்துல வேன் ஏறி வழியெல்லாம் அழுதுட்டு, ஹோட்டல் வாசல்ல முகம் கழுவிக்கிட்டு உள்ளே போனேன். உள்ளே ஏசி, பூச்செண்டு, இலவசப் பை, இலவசப் பேனா. பாதுகாப்பு சாப்ட்வேர் விக்கிற ஒரு கடையில நின்ன பையன், மேடம் உங்க நிறுவனம் நிம்மதியா தூங்குதான்னு பல்லைக் காட்டிக் கேட்டான். தூங்குதுப்பா, எழுப்பத்தான் ஆளைத் தேடறேன்னு சொன்னேன். அவனுக்குப் புரியலை, ஒரு சாவிக்கொத்து கொடுத்தான்.

இந்தக் கூட்டத்துல ஒரு வழக்கம் உண்டு, உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உங்க ஊர்லயும் அப்படித்தான் இருக்கும். கழுத்துல தொங்கற அட்டையில பேரும் இடமும் போட்டிருக்கும், ஆனா பாதிப் பேர் அதைத் திருப்பிப் போட்டுக்கிட்டு வெள்ளைப் பக்கம் தெரியறமாதிரிதான் நடப்பாங்க. கேள்வி நேரத்துல ஒருத்தன்கூட என் இடத்துலன்னு சொல்ல மாட்டான். ஒரு தெரிஞ்சவங்க இடத்துல இப்படி நடந்தது, அவங்க என்ன பண்ணலாம்னுதான் கேப்பான். நகரத்துல இருக்கிற அத்தனை திருட்டும் தெரிஞ்சவங்க வீட்டுலதான் நடக்குது. ஸோஸி மேடையில பேசினாங்க. பெய்ரூட் பக்கத்துல புர்ஜ் ஹம்மூதுல பிறந்து உங்க மாண்ட்ரியல்ல குடியேறின ஆர்மீனியப் பொண்ணு, என் வயசுக்கு நாலஞ்சு குறைவு, வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு பேசற ஜாதி. இப்படிப் பூட்டறவங்க சில சமயம் அவசரத்துல சாவியை அந்த மெஷினோட நினைவகத்துலயே விட்டுட்டுப் போவாங்க, ஆனா நம்ம ஆளுங்க பயந்து போய் முதல் வேலையா ஒயரைப் பிடுங்குவாங்க, மெஷின் அணைஞ்ச நிமிஷம் சாவியும் போச்சுன்னு சொன்னாங்க. எங்க இடத்துலயும் அதையேதான் பண்ணினாங்க, எங்க டெக்னீஷியன்கள் மாடி மாடியா ஓடி எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டாங்க. ஆனா ரேடியேஷன் அறைக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டரை மட்டும் தௌஃபீக் தொட விடலை. அந்த மெஷினை ஓட்டற தௌஃபீக் உனக்கு ஞாபகம் இருக்கா, மீசைக்காரன், யாரையும் கிட்டே சேர்க்க மாட்டான். இதை அணைச்சா மறுபடி சரிபார்க்க எனக்கு ரெண்டு நாள் ஆகும், கையை வெச்சா கையை உடைப்பேன்னு சொல்லிட்டானாம். அது இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருந்தது.

மைக்கைக் கேட்டு வாங்கினேன். எழுந்து நின்னா என் வாயிலயும் அதேதான் வருது, ஒரு தெரிஞ்சவங்க இடத்துலன்னு. எனக்கு முன்னாடி ஆறேழு பேர் அப்படியே ஆரம்பிச்சிருந்ததால அரங்கமே சிரிச்சது. ஸோஸியும் சிரிச்சுக்கிட்டே, சரி, உங்க தெரிஞ்சவங்களுக்கு மெஷினை அணைக்காம இருக்கத் தெரிஞ்சதான்னு கேட்டாங்க. அந்தச் சிரிப்புல எனக்கு விதாத் சிரிச்ச சிரிப்பு கேட்டுது. கழுத்து அட்டையை நேரா திருப்பிப் போட்டேன். தெரிஞ்சவங்க இல்லை, நான்தான், என் பேர் இது, என் ஆஸ்பத்திரி இதுன்னு ஊர்ப் பேரோட சொன்னேன். ஒரு மெஷின் இன்னும் உயிரோட இருக்கு, என் தங்கச்சி சிகிச்சை நடுவுல நின்னுபோய்ச் சாகத் தயாராகிக்கிட்டு இருக்கா, உங்கள்ல யாராவது இன்னிக்கே என்கூட வருவீங்களான்னு கேட்டேன். முன்வரிசைக்காரங்க குனிஞ்சு போனைப் பார்த்தாங்க. நான் லாபிக்கு வர்றதுக்குள்ள டைரக்டர் போன்ல இருந்தார். யாரோ புண்ணியவான் சொல்லிட்டான். நீங்க இனிமே வர வேண்டாம்னு சொன்னார். சரின்னு சொன்னேன். வேறென்ன சொல்ல. சிரிச்சவங்கள்ல ரெண்டு பேர் கிட்டே வந்து எங்க இடத்துலயும் போன வருஷம் இதுதான்மான்னு மெதுவா சொல்லிட்டு, அட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டே போனாங்க. ஸோஸி மட்டும் அவங்க அண்ணன் பையன் காரை வரச் சொல்லி, ஏறுங்கன்னு சொன்னாங்க.

வேலை போனவ ஆஸ்பத்திரிக்குள்ள எப்படிப் போறதுன்னு வழியெல்லாம் யோசனை. ஆனா டைரக்டர் சொன்ன பொய்யே எனக்குக் கதவைத் திறந்து விட்டது. மெஷின் சர்வீஸ்னுதானே ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கார். வாசல் காவலாளி ஸோஸியோட பெட்டியைப் பார்த்துட்டு, சர்வீஸ் அம்மாவா, இப்பவாவது வந்தீங்களே, ஜனங்க வந்து வந்து திரும்பறாங்கன்னு வழி விட்டான். தௌஃபீக் நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தான். ஸோஸி அந்தக் கம்ப்யூட்டரோட நினைவகத்தை அப்படியே டிஸ்க்குல இறக்கிட்டு, சாவி இதுக்குள்ள இருக்கலாம், இல்லாமலும் போகலாம், இந்தப் பூட்டைப் பிரிச்சுப் பார்த்தவங்க எனக்குத் தெரிஞ்சு மாண்ட்ரியல்ல ஒரு சின்னக் குழு, அவங்களால மட்டும்தான் தேட முடியும்னு சொல்லி, குழுவோட பேரைச் சொன்னாங்க. அது உன் குழு லமீஸ். அது என் பொண்ணு வேலை பார்க்கிற இடம்னு நான் சொன்னதும் ஸோஸி பெட்டியை மூடறதை நிறுத்திட்டு நிமிர்ந்தாங்க. அப்ப இந்த டிஸ்க் ஏன் இன்னும் இங்கே இருக்குன்னு கேட்டாங்க.

ஏன்னா உங்க கம்பெனிக்கு டைரக்டர் கையெழுத்து வேணும், அவர் செத்தாலும் போட மாட்டார். நம்ம இன்டர்நெட்ல அனுப்பலாம்னா இது போய்ச் சேர்றதுக்குள்ள நீ பேரன் பேத்தி எடுத்திருப்பே. அதான் ஊருக்குப் போறவங்க கையில ஸஅதரையும் மக்தூஸ் ஊறுகாயையும் கொடுத்து விடற மாதிரி இதையும் ஸோஸி கையில கொடுத்து விடறேன். உன் வேலைக்கு ஆபத்துன்னு எனக்குத் தெரியும். நீ எத்தனை கஷ்டப்பட்டு அந்த நாற்காலியில உக்காந்தேன்னும் தெரியும். பெத்தவ கேக்கக் கூடாததைக் கேக்கறேன், கேக்காம இருக்க என்னால முடியலை. உன்னைத் திருட்டுத்தனமா செய்யச் சொல்லலை. செய்யாதே, மாட்டிக்குவே, உனக்கு முகத்துல எல்லாம் எழுதி ஒட்டியிருக்கும். உன் மேலதிகாரிகிட்ட நேரா போ. ஆனா போய், ஒரு தெரிஞ்சவங்க இடத்துலன்னு மட்டும் ஆரம்பிக்காதே. என் சித்தின்னு சொல்லு. எனக்குத் தலை பின்னி விட்டவ, விசாவுக்கு என்கூட வரிசையில நின்னவன்னு சொல்லு. டிஸ்க்கை யார் கொடுத்தாங்கன்னு கேட்டா என் பேரைக் கொடு, எனக்கு இனி போக ஒண்ணுமில்லை. முடியாதுன்னு அவங்க சொல்லிட்டா அப்புறம் என்ன பண்றதுன்னு எனக்கும் தெரியலை.

நகல்ல கோளாறு இருந்தா மறுபடி எடுக்கணுமாம், அதனால அந்தக் கம்ப்யூட்டர் அணையக் கூடாது. அரசாங்க மின்சாரம் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வரும்னு தெரியும்தானே. பேட்டரி கிழடு. தெருவுக்கே ஜெனரேட்டர்ல மின்சாரம் விக்கிற அபு ஷஹீன் கிட்டே போய்க் கெஞ்சினேன். மனுஷன் யாருக்கும் இரங்காதவர், டீசல் இல்லைன்னா இல்லைதான்னு சொல்றவர், விதாத் பேரைச் சொன்னதும், என் வீட்டை இருட்டாக்கினாலும் அந்த லைனை அணைக்க மாட்டேன், போம்மான்னு சொல்லிட்டார். தௌஃபீக் அந்தக் கம்ப்யூட்டர் பக்கத்துலயே பாய் போட்டுப் படுத்திருக்கான். நான் வீட்டுல இருந்துக்கிட்டு, மின்விசிறி நின்னா உயிர் நின்ன மாதிரி எழுந்து உக்காருறேன்.

ஸ்வெட்டர் போட்டுக்கோ, குளிர்ல தலை நனையாம பார்த்துக்கோ, வேளைக்குச் சாப்பிடு. டிஸ்க்கை நெட் இணைப்பு இல்லாத, போனா போகுதுங்கிற பழைய மெஷின்லதான் சொருகணும், பூட்டுப் போட்ட அந்தப் பேய் அதுக்குள்ளயும் இருக்கும். அல்லாஹ் உன் கையில பரக்கத்தைப் போடட்டும், உன் கண்ணுக்கு எது தெரியணுமோ அதைக் காட்டட்டும். என்னை மண்ணுல வைக்கிறது நீயா இருக்கணும், உனக்கு முன்னாடி நான் போகணும், எனக்கு முன்னாடி என் தங்கச்சி போகக் கூடாது.

இன்னொண்ணு. பை கட்டும்போது விதாத் வந்தா. டிஸ்க் இருக்கிறது அவளுக்குத் தெரியாது. அந்தக் காபிக் கோப்பையில கடைசியா மிச்சமிருந்த ஒண்ணை டவல்ல சுத்தி, லமீஸுக்கு என் ஞாபகமா இருக்கட்டும்னு உள்ளே வெச்சா. நானும் வாயை மூடிக்கிட்டு வெக்க விட்டேன். ஞாபகார்த்தம்னு அதை அலமாரியில வெச்சிடாதே லமீஸ். திருப்பி அனுப்பு. ஊருக்கு வர்றவங்க யார் கையிலயாவது கொடுத்து விடு, அதுல அவ காபி குடிக்கணும்.

உன் பதிலுக்குக் காத்துக்கிட்டிருக்கிற அம்மா,
நஜ்லா