செல்வம் என்ன போட்டான் என்று சொல்லிவிட்டேன்

வியாழக்கிழமை, இரவு

செல்வம் பிழைத்துக்கொண்டான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

காலையில் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு வீட்டில் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தோம். திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். உடம்பு அனலாகக் கொதித்தது. கண்மணி விரிந்து கண் முழுக்கக் கறுப்பாகத் தெரிந்தது. பல்லை நறநறவென்று கடித்தான். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியில் என் கையைப் பிடித்து, "யார்கிட்டயும் சொல்லிராதண்ணே, போலீஸ் வந்துரும்" என்றான்.

டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவன் என்ன சாப்பிட்டான் என்று மலையாளம் கலந்து கேட்டார். "எந்தா கழிச்சது? கஞ்சாவா, போதைப் பொடியா, உறக்கக் குளிகையா? பொடின்னா நெஞ்சு பாஞ்சு ஓடும். குளிகைன்னா மூச்சு குறையும். தெரியாம மருந்து குடுத்தா ஆளு போகும், சேட்டா."

"பொடிதான் மேடம். ராத்திரி வேலையில அசராம இருக்கப் போடுவான். இன்னிக்கு அதுக்கு மேல தூக்க மாத்திரையும் போட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் கண் விழித்தான். நான் சொல்லிவிட்டது டாக்டரம்மா பேச்சிலிருந்து அவனுக்குத் தெரிந்துபோனது. "கூட உள்ளது ஆரா? சேட்டனா?" என்று நர்ஸ் என்னைக் காட்டிக் கேட்டாள். அண்ணனா என்கிறாள்.

செல்வம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "இல்ல சிஸ்டர். கூட வேலை செய்யிற ஆளு."

கொச்சிக்கு வந்ததிலிருந்து ஒரே அறையில்தான் இருக்கிறோம். அவனைத் தவிர இங்கே எனக்குப் பேச்சுத்துணை கிடையாது.

காலையில் கஞ்சி கொண்டுபோனால் வாங்கிக்கொள்வானா தெரியவில்லை. கொண்டுபோகத்தான் போகிறேன்.