நல்ல தண்ணிக் குடமும் பாத்ரூம் டைல்ஸும்

தூத்துக்குடி
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் ஜெபினுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம், மெல்போர்ன் குளிரில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கத் தினமும் ஜெபத்தில் நினைக்கிறோம். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் ஒரு வார்த்தை சொல்லுமுன் நீ ஒன்பது வார்த்தை சொல்வாய், கடிதமென்றால் வாயை மூடிக்கொண்டு கடைசிவரை படித்துத்தான் ஆகவேண்டும்.

பாத்ரூம் டைல்ஸ் இடுக்கெல்லாம் சிமெண்டு உதிர்ந்து, தண்ணீர் உள்ளே இறங்கிப் படுக்கையறைச் சுவர் ஊறி, அப்பாவுக்கு இளைப்பு கூடியதை வீடியோவில் பார்த்தாய். உடனே அங்கிருந்தபடியே மொபைலில் பதிந்து ஒரு ஆளை அனுப்பினாய். வந்தாரே மகராசன், கம்பெனி பெயர் போட்ட பனியனும் காதில் பாட்டுக் கேட்கிற ஒரு குமிழுமாக. பழைய சிமெண்டைச் சுரண்டக்கூட இல்லை, அதன் மேலேயே வெள்ளையாக இழுகிவிட்டு, நாலு போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிட்டுப் போய்விட்டார். நீயும் சூப்பர் என்று பதில் போட்டாய். பத்தாம் நாள் அத்தனையும் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து தண்ணீர் போகிற ஓட்டையை அடைத்துக்கொண்டது. போட்டோ மட்டும் உன்னிடம் இன்னும் நன்றாகத்தான் இருக்கும்.

அதற்கப்புறம் அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேனை மேய்த்தவனுக்கு இது ஒரு வேலையா என்று கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆக்ஸா பிளேடால் இரண்டு நாள் சுரண்டினார். சுரண்டியதைக் குறைசொல்ல மாட்டேன், ஆனால் ஒவ்வொரு கோட்டுக்கும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாரே, நான் சோறு பொங்கவா, இதை வேடிக்கை பார்க்கவா. பிறகு கிரவுட் பவுடரைக் குழைத்து இடுக்கில் அழுத்தி, ஸ்பாஞ்சால் துடைத்து, ஒருநாள் முழுக்க யாரும் உள்ளே போகக்கூடாது என்று வாசலில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். நாலாம் நாள் பார்த்தால் கோடெல்லாம் உப்பளம் மாதிரி வெள்ளையாகப் பூத்து, விரல் பட்டாலே மாவாக உதிர்ந்தது. அப்பா போய்ப் படுத்துக்கொண்டார். நான் விடவில்லை, கிரேன் மேய்த்த லட்சணம் இதுதானா என்று கேட்டேன்.

மறுநாள் பவுடர் விற்ற சுந்தரராஜ் அண்ணாச்சி கடைக்கே போய்ச் சண்டை பிடித்தேன். அவர் நிதானமாக, எந்தத் தண்ணியில குழைச்சிய என்று கேட்டார். போர் தண்ணியில்தான் என்றேன். உப்பைக் கரைச்சுப் பூசிட்டு என் பவுடரைக் குத்தம் சொல்லுதியளே டீச்சரம்மா என்று சிரித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா ஒரு சொம்பு நல்ல தண்ணி கேட்டபோது, வாரத்துக்கு ஒருதரம் வருகிற குழாய்த் தண்ணீர் குடிக்கவும் உலை வைக்கவும்தான், சிமெண்டுக்கு என்ன தாகமா எடுக்கிறது, குடத்தில் கைவைத்தால் தெரியும் சேதி என்று விரட்டியவள் நான்தான். இந்த ஊரில் எந்தப் பொம்பளை கொடுப்பாள், நீயே சொல்.

அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அதைக் கேட்டதுமே அவருக்குப் பாதி இளைப்பு குறைந்துவிட்டது. மறுபடி எல்லாவற்றையும் சுரண்டினோம், நல்ல தண்ணியை நானே ஊற்றிக் குழைத்துக் கொடுத்தேன், அவர் பூசினார். மூன்று வாரமாயிற்று, நகத்தால் கீறினாலும் அசையவில்லை, சுவரும் காய்ந்துகொண்டு வருகிறது.

இந்த நேரத்தில்தான் நீ அனுப்பிய வீட்டுப் புரோக்கர் வந்து, எங்களைக் கேட்காமலே கூடத்தில் அளவு நாடாவை விரித்தார். வீட்டை விற்றுவிட்டு எங்களைச் சென்னையில் ஒரு பிளாட்டில் வைக்கப்போகிறாய் என்று அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். நாடாவைச் சுருட்டிக்கொண்டு கிளம்பச் சொன்னேன். அப்பா உன்மேல் கோபப்படவில்லை, ராத்திரி சாப்பிடவும் இல்லை. இடுக்கில் சிமெண்டு உதிர்ந்ததும் வீடே முடிந்தது என்று நினைத்துவிட்டாய், எங்களையும் அப்படித்தான் நினைத்துவிட்டாயோ என்று எனக்கு மனசு ஆறவில்லை.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. வேளைக்குச் சாப்பிடு, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போ. கிறிஸ்மஸுக்கு வருவதென்றால் வா, ஆனால் அதைப் புரோக்கரிடம் சொல்லாதே, எங்களிடம் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
மெட்டில்டா எஸ்றா