தோளில் போடும் துணியும் அம்மாவின் கேள்வியும்

கோலா தெர்லா,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் குகனேஸ்வரனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். கடல் தாண்டி டுனிடின் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் மாரியம்மனிடம் கேட்டுக்கொள்கிறாள், இப்போதெல்லாம் நீ கும்பிடுகிறவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைக்கிறாள். மழை விட்டபாடில்லை. பிரிஞ்சாங் போகிற வழியில் மண் சரிந்து காய்கறி லோரிகள் பொழுது சாயும்வரை நின்றன, நல்லவேளை யாருக்கும் அடியில்லை. பூந்தோட்டத்துக் கூரை பிளாஸ்டிக் கிழிந்து புதிதாகப் போட்டோம். என் முட்டி வலி பரவாயில்லை. இதெல்லாம் போனிலேயே சொல்லலாம். கடிதமாக எழுதுவதற்குக் காரணம் அம்மா கேட்கச் சொன்ன ஒரு கேள்வி. பத்திரிகையில் இருந்தவன் முக்கியமானதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஆகவே சொல்கிறேன். நீ எங்களுக்கு ஒரே பிள்ளை. உங்கள் கிறிஸ்தவச் சபையில் குருவாகப் பட்டம் ஏற்ற பிறகு, எங்களில் யாராவது போய்ச் சேர்ந்தால் நீ வந்து கொள்ளி வைப்பாயா? இதுதான் கேள்வி. போனில் கேட்கலாமே என்றேன். "போன்ல கேட்டா என் மனசு நோகக் கூடாதுன்னு உடனே ஆமான்னுடுவான். எழுதிக் கேளுங்க, யோசிச்சுச் சொல்லட்டும்" என்றாள்.

இது எங்கிருந்து வந்தது என்று நீ யோசிப்பாய். நீ கேட்ட துணியில் தொடங்கியது. பட்டம் ஏற்கிற அன்று தோளில் போட்டுக்கொள்ளும் அந்த நீளத் துணியை அம்மாதான் தைக்க வேண்டும், அவளே வந்து போட்டுவிட வேண்டும் என்று சொல்லியிருந்தாய் அல்லவா, அதைக் கேட்டு அவள் இரண்டு நாள் தையல் மெஷின் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் அதைத் துடைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "எஸ்டேட் கோயில் அம்மனுக்குப் பாவாடை தைக்கிறப்ப எந்தக் கலர், எந்தக் கரை, எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கு. அவங்களுக்கும் இருக்கும்லா. என்ன ஏதுன்னு தெரியாம நான் ஊசி தொட மாட்டேன். விசாரிச்சுச் சொல்லுங்க, அதானே உங்க வேலை." தானா ராத்தாவில் சபை மூப்பராக இருக்கிற திருமாறனை உனக்குத் தெரியும், முன்பு எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். அவரிடம் போனேன். நீ போடப்போகிற துணியும் எபிரேயர்களின் பழைய வேதத்தில் வரும் ஆசாரிய உடையும் ஒன்றல்ல, குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று முதலிலேயே சொன்னார். ஆனால் குருவுக்கு எதற்கு உடை என்று கேட்டால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று தமிழ் வேதத்தைக் கொடுத்தனுப்பினார். நீ படித்ததுதான், ஆனாலும் நாங்கள் படித்ததைச் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்து.

அவர்களுடைய முதல் பிரதான ஆசாரியன், நம் பேச்சில் தலைமைப் பூசாரி, ஆரோனுக்குச் செய்த உடையைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. பொன்சரிகை, நீலம், கருஞ்சிவப்பு, சிவப்பு நூல்கள், நெற்றியில் பொன் தகடு. இரண்டு தோளிலும் இரண்டு கல், மார்பில் பன்னிரண்டு கல், எல்லாவற்றிலும் எபிரேயர்களின் பன்னிரண்டு கோத்திரத்தாரின் பெயர்கள் வெட்டியிருக்கின்றன. இதை வாசித்துச் சொன்னதும் அம்மா, "பன்னெண்டு குடும்பமும் உபயம் கொடுத்துச்சா? நம்ம கோயில் டியூப்லைட் மாதிரில்ல இருக்கு, வெளிச்சத்தை விடப் பேருதான் பெருசு" என்றாள். கொடுத்தவர்களின் பெயர் இல்லை, ஆரோன் சாமிக்கு முன்னால் போகும்போது இவர்கள் எல்லாரையும் நினைவில் வைத்துச் சுமந்து போக வேண்டும், அதற்காக எழுதியது என்றேன். அங்கியின் கீழ் ஓரத்தில் பொன்மணியும் நூலில் செய்த மாதுளையும் மாறி மாறி வரும், உள்ளே போகும்போதும் வரும்போதும் மணிச்சத்தம் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் அவன் உயிருக்கு ஆபத்து என்று வாசித்தபோது அவளுக்கு ஆச்சரியமே இல்லை. "மணி அடிக்காம சாமிகிட்ட யாரு போவா?" என்றாள். பாவ நிவிர்த்தி நாளில் மட்டும் பிரதான ஆசாரியன் பொன் உடையைக் கழற்றிவிட்டு வெறும் சணல்நூல் உடையோடு உள்ளறைக்குப் போக வேண்டும் என்று இருக்கிறது. அதைக் கேட்டதும், ஈப்போவிலிருந்து வாங்கி வைத்திருந்த ஜரிகையை எடுத்து அலமாரியில் போட்டுவிட்டாள். உள்ளே போகும்போது கழற்றி வைப்பதை எதற்கு ஒட்ட வேண்டும் என்பது அவள் கட்சி. எனக்கு என்ன தோன்றியது என்றால், அந்த அலங்காரம் ஆரோன் என்ற மனிதனைப் பெரியவனாகக் காட்டுவதற்கு இல்லை. அத்தனை கல்லும் பொன்னும் போட்டால் ஆள் மறைந்து, சுமக்கிற வேலைதான் தெரியும். நான் வெளியாள், மேலோட்டமாகப் பார்த்துச் சொல்கிறேன்.

வெள்ளைத் துணி தைத்து முடிந்தது. அதில் ஒரு கூத்து. புதுத் துணி என்றால் ஒரு மூலையில் மஞ்சள் வைக்காமல் அவள் கை சும்மா இருக்குமா, பழக்கத்தில் இதற்கும் வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் இது எங்கே போகிற துணி என்று நினைவு வந்தது. சோப்புப் போட்டாள், எலுமிச்சை தேய்த்தாள், வெயிலில் போடலாம் என்றால் வெயிலுக்கு எங்கே போவது. "சபைல எல்லாரும் பார்த்துச் சிரிக்கப் போறாங்க, ஏங்க" என்று புலம்பினாள். கடைசியில் அந்தக் கறை மேலேயே சிவப்பு நூலில் ஒரு மாதுளை போட்டாள், ஒரு பக்கம் மட்டும் இருந்தால் திருட்டுத்தனம் தெரியும் என்று மறு முனையிலும் ஒன்று. பார்க்க நன்றாகவே இருக்கிறது. உனக்கு மட்டும் தெரிந்தால் போதும், இடது முனை மாதுளைக்குக் கீழே மஞ்சள் இருக்கிறது.

இதற்கிடையில் பழைய எஸ்டேட் லயத்து வரிசையில் நமக்குப் பக்கத்து வீட்டில் இருந்த சிவசாமி அண்ணன் தவறிவிட்டார். மகன் ஷர்வின் ஜொகூரிலிருந்து விடிய விடியக் காரோட்டி வந்து எல்லாம் முறையாகச் செய்தான். திரும்பி வந்து குளித்துவிட்டு அம்மா அடுப்படியில் நின்றபடியே கேட்டாள், "அந்த உடுப்பு போட்டவங்க சாவு வீட்டுக்கு வரலாமா? அதுல என்ன போட்டிருக்கு?" எனக்குப் பதில் தெரியும், முதல் நாளே வாசித்திருந்தேன். பிரதான ஆசாரியன் பிணத்தருகே போகக் கூடாது, தகப்பனும் தாயுமே ஆனாலும் கூடாது, துக்கத்தில் உடையைக் கிழிக்கவும் கூடாது என்று இருக்கிறது. மற்ற ஆசாரியர்கள் பெற்றவர்களுக்காகப் போகலாம், தலைவனுக்கு மட்டும் தடை. அவளிடம் மறைக்கலாமா என்று நினைத்தேன், மனம் வரவில்லை, இரண்டையும் சொன்னேன். அவள் துணியை மடித்து வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். மறுநாள் திருமாறன் நம் வீட்டுக்கே வந்து, அந்தக் கட்டளை அந்தக் காலத்து ஆசாரியனுக்கு, இன்றைக்குச் சபைக் குருமார்தான் அடக்கத்தையே நடத்துகிறார்கள், கவலையை விடுங்கள் என்று எடுத்துச் சொன்னார். "அடக்கம் சரி, கொள்ளி?" என்றாள் அம்மா. அவர் அது குகன் மனசாட்சியைப் பொறுத்தது என்றார். "அப்ப உங்க பதில் எனக்கு எதுக்குண்ணே, தேத்தண்ணி குடிங்க" என்றாள்.

இன்னொரு இடமும் வாசித்துக் காட்டினேன். ஆரோனுக்கு முடிவு வந்தபோது மலைமேல் அவன் உடையைக் கழற்றி மகன் எலெயாசாருக்கு உடுத்துகிறார்கள், அதன்பின் ஆரோன் அங்கேயே இறக்கிறான். உடை அடுத்த தலைமுறைக்குப் போகிறது என்பதுதான் அதன் பொருள் என்று நினைக்கிறேன். அம்மா அதை விட்டுவிட்டு, "அப்ப அப்பன் சாகறப்ப மகன் பக்கத்துலதான் இருந்திருக்கான்" என்றாள்.

இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. எங்களைச் சமாதானப்படுத்த எழுதாதே, உன் சபைப் பெரியவர்களைக் கேட்க வேண்டுமானால் கேள், முடியாது என்றால் முடியாது என்றே எழுது. சடங்கு செய்ய முடியாமல் வந்து நிற்க மட்டும் முடியும் என்றால் அதையும் எழுது. பதிலை எனக்கு எழுதாமல் அம்மா பேருக்கே எழுது, வாசித்துக் காட்டுகிறேன். மார்பில் சளி கட்டாமல் பார்த்துக்கொள், ஈரத் தலையோடு வெளியே போகாதே, நேரத்துக்குச் சாப்பிடு. எல்லா நலமும் பெற்று, ஏற்ற வேலையைக் குறைவில்லாமல் செய்ய எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

நான் எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா பின்னால் வந்து நின்று, என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டாள். வாசித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள், "எல்லாம் சரி. ஆனா பதில் வந்தாத்தான் நான் வருவேன்னு எழுதிடாதீங்க. என்ன பதில் வந்தாலும் துணிய நான்தான் போட்டுவிடப் போறேன்." அப்படியே எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா
தங்கராஜு
(அம்மா ருக்குமணி பக்கத்தில் இருக்கிறாள்)