ஒருமனதாக

செப்டம்பர் 14, செவ்வாய்

சங்கக் கூட்டத்துக்கு நாற்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். காகித ஆலைக்காரர்கள் இத்தனை பேர் ஒன்றாகச் சேர்வது அதிசயம்தான். அடுப்பில் பீன்ஸ் வெந்துகொண்டிருந்ததும் ஒரு காரணம். மாநில செனட்டுக்கு நிற்கிற பிரெஸ்காட்டுக்கு நம் சங்கம் ஆதரவு தருவதா என்று வாக்கெடுப்பு. மூன்றில் இரண்டு பங்கு கை உயர வேண்டும் என்பது விதி.

நார்ம் தெரியோ எழுந்தான். மூன்றாம் இயந்திரம் அவன் இடது கையை இழுத்துக்கொண்டது போன வருடம். மாதாமாதம் வரும் நஷ்டஈட்டில்தான் வீடு ஓடுகிறது. "நஷ்டஈட்டுல கை வப்பியான்னு அந்த ஆளை நாலு தடவ கேட்டாச்சு. வாயத் தொறக்கல. அவனுக்கு எதுக்குய்யா நம்ம பேரு?" என்றான்.

தலைவர் நாற்காலியில் என் தம்பி லூசியன். "உக்காரு நார்ம், பீன்ஸ் ஆறுது." எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

கைகளை எண்ணினேன். ஆதரவு இருபத்தாறு, எதிர்ப்பு பதினைந்து. இரண்டு கை குறைகிறது. செயலாளர் நான் வாயெடுப்பதற்குள் லூசியன் சுத்தியலைத் தட்டி "நிறைவேறியது" என்றுவிட்டான். ஆட்கள் தட்டெடுக்கப் போய்விட்டார்கள்.

செப்டம்பர் 15

காலையிலேயே லூசியன் வந்தான். நின்றபடியே காபி குடித்தான்.

"அக்கா, மினிட்ஸ்ல 'ஒருமனதாக'ன்னு எழுதிடு."

"இருபத்தாறுதாண்டா."

"பிளந்து கெடக்குற சங்கத்த எவன் மதிப்பான்? ஜெயிக்கப்போறவன் பக்கம் நின்னாத்தான் நாளைக்கு அவன் வாசல்ல போயி நிக்க முடியும். எனக்காக, அக்கா."

அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து 'எனக்காக' என்று அவன் கேட்டு நான் இல்லை என்றதில்லை. கூட்டக் குறிப்பில் அப்படியே எழுதிவிட்டேன். ஒரே ஒரு வார்த்தைதானே.

அக்டோபர் 12

போன மாத மினிட்ஸை வாசித்தேன். அந்த இடம் வந்ததும் குரலை இறக்காமல், நிறுத்தி, மெதுவாகவே வாசித்தேன். யாராவது கேட்க மாட்டார்களா என்றிருந்தது. பிறகு வழக்கம்போல, "திருத்தம் உண்டா?"

இருபத்திரண்டு வருடமாகக் கேட்கிறேன், ஒருவரும் உண்டு என்று சொன்னதில்லை. வாசிக்கும்போது யாரும் காது கொடுப்பதே இல்லை, மூக்கெல்லாம் அடுக்களைப் பக்கம். நார்ம் உள்ளே ஒற்றைக் கையால் ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். மினிட்ஸ் ஏற்கப்பட்டது.

நவம்பர் 3

பிரெஸ்காட் ஜெயித்துவிட்டான்.

டிசம்பர் 19, ஞாயிறு

முதல் பெரும்பனி. ஏழு மணிக்கே லூசியனின் பனி தள்ளும் வண்டிச் சத்தம். என் கணவர் ஆர்மண்ட் இறந்த வருடத்திலிருந்து என் வாசல் பனியைத் தள்ளிவிட்டுத்தான் அவன் வேறு வேலை பார்ப்பான். எங்கள் தெரு முழுக்கத் தள்ளுவான், ஆனால் முதல் வாசல் என்னுடையது. "எந்திரிச்சியா, காபி எங்க?" என்று பூட்ஸோடு உள்ளே வந்தான். தரையெல்லாம் தண்ணீர். திட்டினேன். நல்ல காலை.

ஜூன் 9

இரண்டு வருடத்துக்கு மேல் நஷ்டஈடு கிடையாது என்று சட்டம். பிரெஸ்காட் அதற்குக் கை தூக்கியிருக்கிறான். பேப்பரில் அவன் பேச்சு: "என் நிலைப்பாடு தொழிலாளர்களுக்குத் தெரியும். ஆலைச் சங்கமே ஒருமனதாக என்னை ஆதரித்தது."

என் வார்த்தை. நான் எழுதிய வார்த்தை. அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறான்.

ஜூன் 21

மாநிலத் தொழிலாளர் வாரியத்தில் லூசியனுக்கு இடம், பிரெஸ்காட்டின் சிபாரிசில். இதையும் பேப்பரில்தான் படித்தேன். 'எனக்காக' என்றது இதற்குத்தானா? அன்றைக்கே தெரியுமா இவனுக்கு? கேட்கப் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 6

நார்ம் வந்திருந்தான். நஷ்டஈடு நின்றுவிட்டது. வீட்டு வாசலில் விற்பனைப் பலகை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கொலெட், எனக்கு இருக்கறது ஒரே கை. அன்னிக்கு அதத் தூக்குனேன். நீ பாக்கல?"

பார்த்தேன் என்றேன். அவன் கத்தியிருந்தால் தேவலை. தலையை ஆட்டிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனான். என்ன மனுஷி நான்? எண்ணத் தெரிந்தவள்தானே?

செப்டம்பர் 13, செவ்வாய்

மினிட்ஸைத் திருத்தப்போகிறேன் என்று கூட்டத்துக்கு முன்பே லூசியனிடம் சொன்னேன். மறைத்துச் செய்ய மனமில்லை.

"வாரியத்து எடம் முன்னாடியே பேசினதா?"

சுத்தியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "விட்டுடு அக்கா. எனக்காக" என்றான்.

"உனக்காகத்தாண்டா எழுதினேன்."

மினிட்ஸ் வாசித்து முடித்தேன். "திருத்தம் உண்டா?" என்று நானே கேட்டு, "உண்டு" என்று நானே சொன்னேன். ஒரு வருடத்துக்கு முந்தைய பக்கத்தைத் திறந்தேன். ஆதரவு இருபத்தாறு, எதிர்ப்பு பதினைந்து, தீர்மானம் தோற்றது, பொய்யாக எழுதியது நான், எழுதச் சொன்னது தலைவர். அன்றைக்கு முதல் முறையாக அடுக்களையில் இருந்தவர்கள்கூட வெளியே வந்து கேட்டார்கள். நார்ம் வரவில்லை. புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, செயலாளர் பதவி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 11

லூசியனைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். நாற்பத்து மூன்று கை. அதில் ஒன்று என்னுடையது. தூக்கும்போது அவன் என்னை மட்டும்தான் பார்த்தான்.

அக்டோபர் 30

நார்ம் வீடு விற்றுப்போய்விட்டது. அவன் மகளோடு போய் இருக்கப்போகிறானாம். என் திருத்தத்தால் சட்டம் மாறிவிடவில்லை. போகும்போது என் வீட்டைத் தாண்டித்தான் போனான். கை காட்டினானா, கார்க் கண்ணாடியைத் துடைத்தானா, தெரியவில்லை.

நவம்பர் 23

இந்த வருடம் பனி சீக்கிரம் வந்துவிட்டது. ஏழு மணிக்கு வண்டிச் சத்தம் கேட்டது. புத்தி கெட்டவள், இரண்டு கோப்பை எடுத்து வைத்துவிட்டேன்.

ஜன்னலில் நின்று பார்த்தேன். தெருமுனையிலிருந்து ஒவ்வொரு வாசலாகத் தள்ளிக்கொண்டு வந்தான். பக்கத்து வீட்டு பெலெட்டியே அம்மாள் வாசலை ஓரம்வரை சுத்தமாக வழித்தான். என் வாசல் வந்ததும் வண்டியின் முன்னாலிருக்கும் தகட்டைத் தூக்கிக்கொண்டான். தாண்டியதும் இறக்கிக்கொண்டான்.

ஆர்மண்டின் மண்வாரி கொட்டகையில் இருந்தது. பத்து மணி வரை நானே அள்ளினேன்.